பிராங்கன்ஹவுசன் என்னும் சிறுநகர்

தோமஸ் மூன்சரின் பெயரை நாம் முதன்முதலாக அறிந்தது பேராதனையிலே தமிழ்ச் சிறப்புப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில். பக்தி இயக்கம் பற்றிய கட்டுரையொன்றுக்காக, சமயத்தின் மொழியிற் பேசிய மக்கள் இயக்கங்களைக் குறித்துப் பிறநாட்டார் என்ன எழுதியிருக்கின்றனர் என்று தேடியபோது, விடுதி நண்பரொருவர் ஏங்கெல்ஸ் எழுதிய 'ஜேர்மனியில் விவசாயிகள் போர்' என்னும் நூலை எம் கையில் வைத்தார். 1848 - 49 புரட்சி தோல்வியுற்ற பின்னர், 1850 இல், இலண்டனில் நாடிழந்தவராக இருந்துகொண்டு ஏங்கெல்ஸ் எழுதியது அது. முந்நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்திய தோல்வியொன்றைத் தம் காலத்துத் தோல்விக்கு அருகே வைத்து அவர் பார்த்தார். அந்நூலிற் காணும் ஊர்ப்பெயர்களுள் எம் நினைவில் ஒட்டிக்கொண்டது பிராங்கன்ஹவுசன். ஆனால் உண்மையைச் சொல்வதானால், அன்றிலிருந்து அது எம் மனத்தில் ஓர் ஊராக இருந்ததில்லை. ஒரு படுகொலையின் பெயராகவே இருந்தது. அங்கே கடைத்தெரு உண்டா, ஆறு உண்டா, இன்றைக்கு எத்தனை பேர் வாழ்கின்றனர் என்றெல்லாம் நாம் எண்ணியதில்லை. எமது மாலைநேர வாசகர் வட்டத்து மாணவருக்கு அந்தப் போரைப் பலமுறை விளக்கியிருக்கிறோம்; கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து, அதுதான் ஊர் என்று காட்டியிருக்கிறோம்.

2025 ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் ஜேர்மனிக்குச் செல்லும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. சின்னம்மா குடும்பத்தினர் நெடுங்காலமாக வெஸ்ற்பாலியாவில் வாழ்கின்றனர். எங்கே போய்ப் பார்க்க விருப்பம் என்று சித்தப்பா வினவினார். கொலோன் தேவாலயம், ரைன் நதி என்று ஏதேனும் சொல்வோம் என எதிர்பார்த்திருப்பார். நாம் பிராங்கன்ஹவுசன் என்றோம். நாற்பது ஆண்டுகளை அந்நாட்டிற் கழித்தவருக்கும் அப்பெயர் புதிதாயிருந்தது.

"அங்கை என்ன தம்பி கிடக்கு?"

விவசாயிகளைக் கொன்ற மலை ஒன்று கிடக்கிறது என்றோம். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. மறுநாட் காலை தேநீர்க் குடுவையுடன் காரை எடுத்துவிட்டார்.

சித்தப்பா 1984 இல் அந்நாட்டுக்கு வந்தவர். அக்காலத்தில் ஈழத்திலிருந்து சென்ற இளைஞர் பலர் கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, நகர இரயிலேறி மேற்கு பேர்லினுக்குட் புகுந்து தஞ்சம் கோரினர். 1985 நடுப்பகுதியில் அந்த வழி அடைக்கப்பட்டது. அதற்கு முன்னர் அவ்வழியே சென்றவர்களுள் அவரும் ஒருவர். ஆகவே, பின்னர் மறைந்துபோன ஜேர்மன் ஜனநாயகக் குடியரசின் மண்ணில் அவர் நின்றது சில மணி நேரமே. 'உங்கடை சோசலிச நாட்டிலை நான் குடிச்சது ஒரு கோப்பி' என்று எம்மைச் சீண்டுவது அவர் வழக்கம்.

ஊர் தூரிங்கியா மாநிலத்தின் வடபகுதியில், கிப்ஹொய்சர் என்னும் சிறு மலைத்தொகுதியின் தென் அடிவாரத்திலே கிடக்கிறது. மலை என்கிறோமேயன்றி, அதன் மிகவுயர்ந்த சிகரமும் 500 மீற்றரை எட்டுவதில்லை. பேராதனையில் நான்கு ஆண்டு ஹந்தானையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அவை மேடுகளே. தெற்கே ஹைன்லைற்றே என்னும் மற்றொரு மரஞ்செறிந்த மேட்டுநிரை. இரண்டுக்கும் இடையே கோதுமை விளையும் தட்டையான வெளி. வடமேற்கே உயர்ந்து நிற்கும் ஹார்ட்ஸ் மலைகள் மழைமேகங்களைத் தடுத்துவிடுவதால், ஜேர்மனியின் மிக வறண்ட பகுதிகளுள் இதுவும் ஒன்று. குன்றுகளின் தென்சரிவில், கிழக்கைரோப்பியப் புல்வெளிகளுக்குரிய புல்லினங்கள் வெள்ளைநிறப் பாறைக்கிடையே வளர்ந்திருக்கின்றன. பச்சைப்பசேலென்ற ஐரோப்பாவை எதிர்பார்த்துச் சென்ற எமக்கு அந்த வெளிறிய சரிவுகள் வியப்பாயிருந்தன.

அந்த வெண்பாறை ஜிப்சம். அதன் கீழே உப்புப் படிவு. இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கிடந்த கடலொன்று வற்றி விட்டுச்சென்ற சொத்து அது. நிலத்தடி நீர் அந்த உப்பைக் கரைத்துக்கொண்டு ஊற்றாக வெளிப்படுகிறது. அந்த ஊற்றே ஊரை உண்டாக்கிற்று. மத்திய காலம் முழுவதும் உப்புநீரைப் பெரிய தட்டங்களில் ஊற்றி, விறகெரித்துக் காய்ச்சி, உப்பெடுத்து விற்பதே பிராங்கன்ஹவுசனின் பிழைப்பு. ஊற்றின் உரிமை சிலரிடம். அடுப்பருகே வெந்தவர்கள் வேறு பலர். இருவகையாருக்கும் மேலே சுவார்ட்ஸ்பூர்க் பிரபுக்கள். உப்புத்தொழில் நலிந்தபின் 1818 இல் அதே உப்புநீரைக்கொண்டு மருத்துவக் குளிப்பு தொடங்கினர். 1927 முதல் 'குளியல்' என்று பொருள்படும் 'பாட்' என்னும் அடைமொழி ஊர்ப்பெயருக்கு முன்னே வந்து சேர்ந்தது. இடையே, கடலே இல்லாத அவ்வூரிற் கடற்சிப்பியை அறுத்துப் பொத்தான் செய்யும் தொழிலும் நடந்திருக்கிறது. ஊர் அருங்காட்சியகத்தில் அதனையும் பார்க்கலாம்.

ஊருக்குட் புகுமுன்னரே கண்ணிற்படுவது சாய்ந்த கோபுரம். 1382 இல் எழுந்த மேற்கோயிலின் கோபுரம் அது. 56 மீற்றர் உயரம். கீழேயுள்ள உப்பும் ஜிப்சமும் கரைந்து நிலம் இறங்க இறங்க, அதுவும் சரிந்துகொண்டே வந்திருக்கிறது. உச்சி, அடியிலிருந்து நாலரை மீற்றருக்கு மேல் விலகி நிற்கிறது. பீசா நகரக் கோபுரத்தினும் கூடிய சாய்வு. கோயிலின் கூரை எப்போதோ போய்விட்டது. சுவர்களும், இரும்பு முட்டுக்கொடுத்த கோபுரமுமே எஞ்சியிருக்கின்றன. ஊருக்குச் சோறு போட்ட உப்பே ஊரின் கோயிலைச் சாய்த்தது என்று நாம் சொல்ல, சித்தப்பா கழுத்தைச் சரித்துக்கொண்டு அதை நெடுநேரம் பார்த்தார். கோபுரத்தோடு ஒத்த கோணத்திற் பார்த்தால் மற்றைய வீடுகளே சரிந்து தெரியும் என்றார். அது மெய்தான். நாமும் செய்து பார்த்தோம்.

பின்னர் மலைக்கு ஏறினோம். 'போர்மலை' என்றே அதற்குப் பெயர். அங்கிருந்து ஊரை நோக்கி இறங்கும் பள்ளமொன்றுக்கு 'இரத்த வாய்க்கால்' என்று பெயர். ஐந்நூறு ஆண்டுகளாக மக்கள் அப்பெயரை மாற்றவில்லை.

1525 இன் கதையை இந்த ஏட்டின் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் மலையில் நின்றபோது எம் நினைவுக்கு வந்த அளவுக்குச் சொல்லுதல் தகும். அவ்வாண்டு மார்ச்சு மாதம் தெற்கே மெமிங்கன் நகரில் விவசாயிகளின் பன்னிரண்டு கோரிக்கைகள் வரையப்பட்டன. தம் குருவைத் தாமே தெரிவுசெய்யும் உரிமை, அடிமைநிலை நீக்கம், காட்டில் விறகெடுக்கவும் ஆற்றில் மீன்பிடிக்கவும் உரிமை, நியாயமான குத்தகை - இவ்வளவே. வேதநூலைக் காட்டி இவை தவறென்று நிறுவினால் விட்டுவிடுகிறோம் என்றும் எழுதியிருந்தனர். ஏப்ரல் இறுதியில் எழுச்சி பிராங்கன்ஹவுசனை எட்டியது. ஊராரும் சுற்றுப்புற விவசாயிகளும் திரண்டனர். மே மாத நடுவில் அங்கே கூடியிருந்தோர் ஏறக்குறைய எண்ணாயிரம் பேர். மூல்ஹவுசன் நகரிலிருந்து மூன்சர் ஒரு சிறு அணியுடன் வந்து சேர்ந்தார். வானவில் வரைந்த கொடி அவர்களுடையது.

எதிரே ஹெஸ்ஸன் கோமகன் பிலிப்பு, சாக்சனிக் கோமகன் ஜோர்ஜ், பிறவுன்சுவைக் கோமகன் ஹைன்றிக் ஆகியோரின் கூலிப்படையும் குதிரைப்படையும் பீரங்கிகளும். ஒருவர் லூதரின் புதுமதத்தை ஏற்றவர்; மற்ற இருவர் பழைய கத்தோலிக்கர். விவசாயியை வெட்டுவதில் மதபேதம் இருக்கவில்லை. லூதரோ அந்த மாதமே, கொள்ளையடித்துக் கொலை செய்யும் விவசாயக் கும்பலுக்கெதிராக என்று தலைப்பிட்டு ஒரு துண்டுநூல் எழுதினார். மே 15 இல் விவசாயிகள் வண்டிகளை வளையமாக நிறுத்தி இம்மலையில் இருந்தனர். மூன்சரை ஒப்படைத்தால் உயிர்ப்பிச்சை என்று தூது வந்தது. பேசிக்கொண்டிருக்கையில் நடுப்பகற் சூரியனைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றிற்று. தம் கொடியின் வானவில்லையே இறைவன் வானில் வரைந்துவிட்டான் என்று அவர்கள் நம்பினர். பீரங்கிகள் முழங்கின. அதன்பின் நடந்தது போரன்று. ஊரை நோக்கி ஓடியவர்களைக் குதிரைகள் துரத்தின.

"எத்தனை பேர்?" என்றார் சித்தப்பா.

"ஐயாயிரத்திலிருந்து ஆறாயிரம். பிரபுக்கள் பக்கம் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்."

அவர் சிறிது நேரம் கீழே தெரிந்த ஓட்டுக்கூரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "எண்ணினது ஆர் தம்பி?"

எம்மிடம் உடனே விடை இருக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த எண்ணைச் சொல்லி வருகிறோம். எந்த மாணவனும் இவ்வாறு கேட்டதில்லை; நாமும் எம்மைக் கேட்டதில்லை. உண்மையில் அந்த எண் பெரும்பாலும் வென்றவர்களின் கடிதங்களிலிருந்து வந்தது. வெற்றியைப் பெரிதாக்கிக் காட்ட அவர்களுக்குக் காரணம் உண்டு. இறந்தவர் பக்கத்தில் எண்ண எவரும் மிஞ்சவில்லை. மிஞ்சியவருக்கு எழுத்து வாய்க்கவில்லை. எழுத்து வாய்த்தவருக்குத் துணிவு வாய்த்திராது. தம் தாயகத்தில் 2009 இல் நிகழ்ந்தவற்றை வெளிநாட்டுத் தொலைக்காட்சியொன்றின் முன் உட்கார்ந்து பார்த்த மனிதர் அவர். அவரது கேள்வி 1525 ஐ மட்டும் பற்றியதன்று என்பதை உணர்ந்தோம். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இறங்கி வந்து ஊர்ச் சந்தையிற் கோப்பி குடித்தபோது, அக்காலக் கடிதமொன்றில் வரும் செய்தியை அவருக்குச் சொன்னோம். எழுதியவர் லூதரின் உறவினரான யோஹான் றூயல். போர் முடிந்தபின் சிறைப்பட்டிருந்த ஆண்களை விடுவிக்குமாறு ஊர்ப் பெண்கள் வந்து மன்றாடினர். கலகக்காரரோடு நின்ற இரண்டு குருமாரை அப்பெண்களே தண்டித்தால் விடுகிறோம் என்று பிரபுக்கள் நிபந்தனை விதித்தனராம். சந்தை வெளியிலே அப்பெண்கள் தடிகளால் அவ்விருவரையும் அடித்தே கொன்றனர். ஏங்கெல்ஸின் நூலைப் படித்துச் சிவந்திருந்த எமது இளமை மனம் இந்த இடத்தைக் கண்டபோது தாண்டிச் சென்றது நினைவிருக்கிறது. வீரமும் துரோகமும் என்ற இரண்டு பெட்டிகளில் எதிலே அப்பெண்களை இடுவது? எமது பாடக்குறிப்பில் அவர்கள் இல்லை. நாம் கோப்பி குடித்த சந்தை அதே சந்தையா என்பதைக் கூற இயலாது. ஊர் சிறிது, வெகுதூரம் இருந்திராது.

மூன்சர் ஊருக்குள் ஒரு வீட்டிற் பிடிபட்டு, அயலிலுள்ள ஹெல்ட்றுங்கன் கோட்டையிற் சித்திரவதைக்குள்ளாகி, மே 27 இல் மூல்ஹவுசனுக்கு வெளியே தலை வெட்டப்பட்டார்.

மலையுச்சியிலே இன்று நிற்பது ஒரு பெரிய வட்டக் கட்டடம். ஜன்னல் இல்லாத வெண்ணிற உருளை. கட்டப்பட்ட காலத்தில் ஊரார் அதற்கு 'யானைக் கழிப்பறை' என்று பெயரிட்டனராம். அரசாங்கம் எழுப்பும் நினைவுச்சின்னங்களைப் பற்றி ஊரார் பொதுவாகக் கொள்ளும் கருத்து எந்நாட்டிலும் இதுபோன்றதுதான். ஜனநாயகக் குடியரசு மூன்சரைத் தன் முன்னோராக வரித்துக்கொண்டது. அவர் முகம் ஐந்து மார்க் தாளில் அச்சாயிற்று. 1945 இல் நூறு ஹெக்டெயருக்கு மேற்பட்ட பெருநிலங்கள் பறிக்கப்பட்டு உழவருக்குப் பகிரப்பட்டபோது, 1525 இன் கடன் தீர்ந்தது என்று சொன்னார்கள். அதனை வெறும் பிரசாரம் என்று நாம் தள்ளமாட்டோம். நிலமில்லாதவன் கைக்கு நிலம் வந்தது. ஆனால் பதினைந்து ஆண்டு கழிந்து, 1960 வசந்தத்தில், அதே உழவர் கூட்டுப்பண்ணைகளுக்குள் நெருக்கித் தள்ளப்பட்டனர். அப்பண்ணைகளிற் பலவற்றுக்கு இட்ட பெயரும் தோமஸ் மூன்சர். இவ்விரண்டையும் ஒருங்கே சொல்லாத ஆசிரியன் மாணவனுக்குப் பாதிக் கணக்கையே கொடுக்கிறான். நாம் பல்லாண்டாகக் கொடுத்தது பாதிக் கணக்கு.

அந்த உருளைக்குள்ளே இருப்பது லைப்சிக் ஓவியர் வேர்னர் ரியூப்கே தீட்டிய வட்ட ஓவியம். உயரம் 14 மீற்றர், சுற்றளவு 123 மீற்றர். ஒரே துணியாகச் சோவியத் நாட்டில் நெய்து கொண்டுவரப்பட்டது. 1983 முதல் 1987 வரை தீட்டினார். ஜேர்மனியின் ஆரம்ப முதலாளித்துவப் புரட்சி என்பது அரசு கொடுத்த தலைப்பு. படியேறி இருளிலிருந்து மண்டபத்துள் நுழையும்போது கண் தடுமாறுகிறது. தொடக்கமும் முடிவும் இல்லாமல் மூவாயிரத்துக்கு மேற்பட்ட உருவங்கள் சுற்றிவர நிற்கின்றன. வெற்றி முழக்கம் எங்கே என்று தேடினோம். இல்லை. கோமாளிகள், நோயாளர், பேரம் பேசுவோர், சக்கரத்தில் ஏற்றப்பட்டோர், பனிக்காலம், மீண்டும் இளவேனில். போரின் நடுவே, வானவில்லின் கீழே, மூன்சர் கொடியைத் தாழ்த்திப் பிடித்தபடி நிற்கிறார். சுற்றிலும் கொலை. அவர் எவரையும் பார்க்கவில்லை. முன்னே ஒரு நீரூற்றைச் சூழ்ந்து லூதர், டியூரர், கொப்பர்னிக்கஸ் முதலிய அக்காலப் பேரறிஞர் நிற்கின்றனர். அவர்களும் போரைப் பார்க்கவில்லை.

தம் கலையில் எவரும் தலையிடக்கூடாது என்னும் நிபந்தனையோடுதான் ரியூப்கே இப்பணியை ஏற்றாராம். அவர் நிபந்தனையைக் காத்தார்; அரசும் ஏறக்குறையக் காத்தது. இது அந்த அரசின் பெயரிற் சேரவேண்டிய நல்ல வரவு. எமது நாட்டில் எந்த அமைச்சு ஓர் ஓவியனுக்கு இத்தனை ஆண்டும் இத்தனை துணியும் கொடுத்து வாய்மூடி இருக்கும்? ஓவியம் 1989 செப்டெம்பர் 14 இல் திறந்துவைக்கப்பட்டது. மூன்று நாள்களுக்கு முன்னர்தான் ஹங்கேரி தன் எல்லையைத் திறந்து, கிழக்கு ஜேர்மானியர் ஆயிரக்கணக்கில் வெளியேறத் தொடங்கியிருந்தனர். ஐம்பத்தாறாம் நாள் பேர்லின் மதில் திறந்தது. மக்கள் எழுச்சியொன்றின் நினைவாலயத்தைத் திறந்துவைத்த அரசை, வீதியிலிறங்கிய மக்களே அந்த இலையுதிர் காலத்திற் கலைத்தார்கள். தெருவில் நின்றவர்களைக் கூலிப்படை என்று சொல்லி ஆறுதலடைய எம்மால் இயலவில்லை. அவர்கள் ஆலைத்தொழிலாளரும் ஆசிரியருமே.

மலைத்தொகுதியின் வடபுறத்தில் மற்றொரு சின்னம் உண்டு. 1190 இல், சிலுவைப்போருக்குச் சென்ற வழியில் ஆற்றில் மூழ்கி இறந்த பேரரசன் பார்பரோசா, அம்மலைக்குள் உறங்குகிறான் என்பது பழங்கதை. தாடி மேசையைச் சுற்றி வளர்ந்திருக்க, காகங்கள் மலையைச் சுற்றுவது நிற்கும் நாளில் விழித்தெழுந்து நாட்டை உயர்த்துவானாம். பழைய படைவீரர் சங்கங்கள் 1896 இல் அங்கே 81 மீற்றர் உயரத்தில் ஒரு கற்கோபுரம் எழுப்பி, கீழே பார்பரோசாவையும் மேலே குதிரைமீது முதலாம் வில்ஹெல்மையும் அமர்த்தின. ஒருபுறம் அரசன் உறங்குகிறான். மறுபுறம் குடியானவன் கிடக்கிறான். அரசன் எழுவான் என்று பாடியோர் பலர். குடியானவன் எழுவான் என்று பாட்டி கதை சொன்னதாக நாம் எங்கும் படிக்கவில்லை. அந்தக் கோபுரத்துக்குப் போகவேண்டுமா என்று சித்தப்பா கேட்டார். நேரமில்லை என்றோம். மனமில்லை என்பதே சரி.

இன்றைய குடிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். பிராங்கன்ஹவுசனின் சனத்தொகை ஏறக்குறைய பத்தாயிரம். அதுவும் 2019 இல் இஷ்டெட், றிங்லேபன் என்னும் அயற்கிராமங்களை இணைத்துக்கொண்ட பின்னர். அதாவது மலையில் மாண்டதாகச் சொல்லப்படுவோர் இன்று ஊரில் வாழ்வோரிற் பாதிக்கு மேல். ஊர் அடங்கிய கிப்ஹொய்சர் மாவட்டத்தில் 2000 அளவில் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர்; இன்று எழுபத்தையாயிரத்துக்கும் குறைவு. மாவட்டத் தலைநகரான சொண்டர்ஸ்ஹவுசனின் பொட்டாசு உப்புச் சுரங்கம், இரு ஜேர்மனிகளும் இணைந்த மறு ஆண்டே, 1991 இல் உற்பத்தியை நிறுத்திற்று. சற்று மேற்கே பிஷொபரோடவில் 1993 இல் சுரங்கத் தொழிலாளர் உண்ணாவிரதம் இருந்தும் சுரங்கம் மூடப்பட்டது. வேலை மேற்கே இருந்தது. இளையோர் மேற்கே போயினர். பிராங்கன்ஹவுசனுக்கு வந்த பயணிகள் இரயிலும் 2006 இறுதியில் நின்றது. தெருக்களில் நாம் கண்டோரிற் பெரும்பாலோர் முதியவர். வீடுகளோ அழகாகத் திருத்தப்பட்டு, சாளரப் பூச்சட்டிகளோடு, ஆளின்றி இருந்தன.

இத்தகைய இடத்தில் வெறுப்பு விலைபோவதில் வியப்பில்லை. 1930 இல், ஜேர்மனியிலேயே முதன்முதலாக நாற்சி ஒருவன் மாநில அமைச்சனானது இதே தூரிங்கியாவில். வில்ஹெல்ம் பிறிக் என்பது அவன் பெயர். 2024 செப்டெம்பரில், 'ஜேர்மனிக்கான மாற்று' என்னும் தீவிர வலதுசாரிக் கட்சி இம்மாநிலத் தேர்தலில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வாக்குடன் முதலிடம் பெற்றது. ஆள் குறைந்து பாடசாலை மூடும் ஊர்கள், வருகிறவனைக் கண்டு அஞ்சுகின்றன. கோப்பிக்கடை மேசையிற் சித்தப்பா வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலிலேயே பேசினார் என்பதை நாம் கவனித்தோம். எவரும் எம்மை ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரப் பெண்மணி எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். வெஸ்ற்பாலியாவிலிருந்து என்றார் சித்தப்பா. அதற்கு முன்னர்? என்று அவர் கேட்கவில்லை. தம் மகனும் அங்கேதான் வேலைக்குப் போனான், நத்தாருக்கு மட்டும் வருவான் என்றார். அவரும் சித்தப்பாவும் டோட்முண்டில் வீட்டு வாடகை ஏறியிருப்பதைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர்.

திரும்பும் வழியில் ஹெல்ட்றுங்கன் கோட்டை அகழியருகே கார் நின்றது. நீரில் வாத்துகள் நீந்தின. சித்தப்பா இறங்கவில்லை, களைத்திருந்தார். நாம் மட்டும் பாலம் வரை நடந்துவிட்டு வந்தோம்.

ஊர் திரும்பி வாசகர் வட்டத்துக்கான பழைய குறிப்பேட்டைத் திறந்தபோது, பிராங்கன்ஹவுசன் என்ற தலைப்பின் கீழ் 6,000 என்று எமது கையெழுத்திலேயே மையினால் எழுதி, இருமுறை அடிக்கோடிட்டிருந்தது. அதனருகே 'வென்றவர் கணக்கு' என்று பென்சிலால் எழுதினோம். அடுத்த வரியில் அந்தப் பெண்களைப் பற்றி எழுதத் தொடங்கினோம். அதற்கு அந்தப் பக்கத்தில் இடம் போதவில்லை.